மெக்கானிக்கின் ஒரே மகள்

விண்ணப்பத்தைப் பாதியில் விட்டால் வீட்டில் ஓர் ஆள் கூடிவிடும் என்பது, லிஃப்ட் மெக்கானிக்கின் ஒரே மகளுக்குச் சட்டக் கல்லூரி விஷயத்தில்தான் முதலில் தெரிந்தது. அவள் பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தாள். கட்டுரைப் பகுதியை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று மூடி வைத்தவள், காலையில் குளியலறைக் கதவைத் தட்டினாள். தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளிருந்து வந்தவளும் அவளேதான். கன்னத்துப் பருகூட அதே இடத்தில் இருந்தது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, வேலைக்கு நேரமாகிவிட்டதால், இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

வந்தவளால் தொந்தரவு எதுவும் இல்லை. "என்னோடத எப்ப முடிப்ப?" என்று மட்டும் அவ்வப்போது கேட்பாள். அதில் கோபமே இல்லாததுதான் பெண்ணைப் பயமுறுத்தியது. அந்தப் பயத்தில் அதை அப்படியே போட்டுவிட்டு வேறொரு கல்லூரிக்கு எழுத ஆரம்பித்தாள், அதுவும் பாதியில் நின்றது. இப்படியே கட்டடக்கலைக்காரி, செவிலியர் படிப்புக்காரி, நீரியல்காரி, எதற்கென்றே தெரியாமல் ஆரம்பித்த இரண்டு வணிகவியல்காரிகள் என்று கூடம் நிறைந்தது. சான்றிதழ்கள் எவள் மடியில் கிடக்கின்றன என்று தேடுவதிலேயே பொழுது போயிற்று. அப்பா வந்தவர்கள் யார் என்பதை விட்டுவிட்டுத் தரை பாரம் தாங்குமா என்று கவலைப்பட ஆரம்பித்தார். பெண்ணோ பள்ளி விட்டும் வீட்டுக்கு வரப் பயந்து, விளையாட்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பாள்.

சட்டக் கல்லூரியின் கடைசித் தேதி தாண்டிய மாலையில் சட்டக்காரி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் யார் கிளம்பினாலும் போயிட்டு வரேன் என்றுதான் சொல்வார்கள். அவள் "போறேம்மா" என்றாள். அம்மா படிகளில் ஓடிப்போய்ப் பார்த்தபோது தெருவில் யாரும் இல்லை. மறுநாளிலிருந்து பெண்ணுக்கு எதிர்த்துப் பேச வரவில்லை. யாரிடமும் விட்டுக்கொடுக்காத வாய்க்காரி, தப்பாகப் போட்ட மதிப்பெண்ணைக்கூடக் கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்தாள். போகிறவள் சும்மா போவதில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

அம்மா மருத்துவமனையில் செய்வதையே வீட்டிலும் செய்தாள். ஆளுக்கொரு கோப்பு, ஆளுக்கொரு நாள், முறை வராதவள் சமையலறையில் காத்திருக்க வேண்டும். வேண்டாதவளை முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்றும் சொன்னாள். பெண் கட்டடக்கலைக்காரியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"உன்ன நான் பயத்துலதான் ஆரம்பிச்சேன்" என்றாள்.

"தெரியும். நீ சொல்லுவேன்னுதான் உக்காந்திருந்தேன்."

எழுந்து போனவள் எதையும் கொண்டுபோகவில்லை. பெண்ணுக்குக் கோடு நேராகப் போட அதற்குப் பிறகும் வந்தது. வணிகவியல்காரிகளும் அப்படியே போனார்கள். மீதியிருந்த செவிலியர் படிப்புக்காரி, நீரியல்காரி இருவருக்காகவும் பெண் கணக்கு ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டாள், கட்டுரைகளை அடித்து அடித்து எழுதினாள், தேதிக்கு முன்பே அனுப்பினாள். அனுப்பிய அன்று அந்த இருவரும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, வந்ததிலிருந்து முதல்முறையாகத் தூங்கினார்கள்.

இரண்டு கல்லூரியிலும் இடம் கிடைத்தது. சேர வேண்டிய நாளில் ஒருத்தியை அப்பா ரயிலேற்றப் போனார், ஒருத்தியை அம்மா செவிலியர் விடுதியில் விட்டு வந்தாள். திரும்பி வந்தபோது மூன்றாமவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மூவரில் தன் மகள் எவள் என்று பெற்ற வயிற்றுக்கே அடையாளம் தெரியவில்லை.

"நீ யாருடி?" என்றாள் அம்மா.

"கேக்காதம்மா. எனக்கே பயமா இருக்கு."

அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை. வீட்டில் இருந்தவள் அப்பாவோடு வேலைக்குப் போகத் தொடங்கினாள். அவர் ஓய்வு பெற்றபின் அந்தப் பகுதியில் எந்த லிஃப்ட் நடுவில் நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கதவைத் திறப்பாள், பயந்தவர்களோடு பேசத் தெரிந்தவள் என்று பெயர். அணைக்கட்டில் வேலை பார்ப்பவளும் ஆஸ்பத்திரியில் இருப்பவளும் விடுமுறைக்கு வருவார்கள். மூவரும் ஒரே நேரத்தில் தும்முவார்கள். எதிர்வீட்டு அம்மாள் ஒவ்வொரு தடவையும் யாரை முதலில் விசாரிப்பது என்று குழம்பி, இப்போதெல்லாம் பொதுவாக, "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுகிறாள்.