குறிக்குக் கீழே

பாறை இடுக்கில் கஞ்சி காய்ச்சி இறக்கிய பெண்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சரிவில் வந்தார்கள். ஓர் இடத்தில் அத்தனை வாயும் ஒன்றாக அடைத்துப்போயின. ரஸீனா நிமிர்ந்து பார்த்தாள். குடிசைகளுக்கு நடுவே நின்ற பலாமரத்தில், ஏணி எட்டும் உயரத்தில், ஒரு சிவப்புக் கோடு. பெண்கள் அந்தக் கோட்டின் மட்டத்துக்கு இறங்கியிருந்தார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே இந்த ஆற்றில் புது மின் அணை வந்தால் தண்ணீர் அதுவரை நிற்கும். போன மாதம் சர்வே ஆட்களோடு வந்தபோது, ஏணியில் ஏறி அந்தக் கோட்டை இழுத்தவள் ரஸீனாதான். சர்வேக்காரர் விளையாட்டாக பிரஷ்ஷை நீட்ட, இவளும் சிரித்துக்கொண்டே வாங்கியிருந்தாள்.

இப்போது அணை கட்டும் கம்பெனி சார்பில், ஊரைக் காலி செய்யச் சம்மதம் கேட்க வந்திருக்கிறாள். நாளை கிராமசபை. சம்பளத்துக்காக மட்டும் அவள் மலையேறவில்லை. தேங்காப்பட்டணத்தில் அவள் பிறந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. பிறகு வாப்பாவைப் புதைத்த கபரையும் கொண்டுபோனது. நிலக்கரிப் புகையில் உலகம் சூடேறிக் கடல் பொங்குகிறது என்று படித்த நாளிலிருந்து, புகையில்லாத கரண்டு என்றால் அவளுக்கு உயிர். உம்மா ஹமீதா பீவி இன்னும் மழைச் சத்தம் கேட்டாலே ஓடுவதற்குப் பாயைச் சுருட்டுகிறாள். அந்த உம்மாவுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற வெறி மகளுக்கு.

காணிக்காரப் பழங்குடிகளின் இந்த ஊர் சார்பில் பேசுகிறவள் பூங்கனி. ரஸீனாவைவிடக் கொஞ்சம் மூத்தவள். இவளைத் தன் குடிசைக்குள் கூட்டிப்போனாள்.

"நாளைக்கு எல்லாரும் வருவியளா அக்கா?"

"சத்தம் போடாதிய மேடம்," என்று பூங்கனி கிசுகிசுத்தாள். "சாவு கெடக்கப்பட்ட எடம்."

"யாரு செத்தா?"

"என்னட்ட கேக்கியளா? நீங்கதானே குறி போட்டிய."

ரஸீனாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பூங்கனி மெல்லச் சொன்னாள். இந்தக் குடியில் ஒருவர் இறந்தால் வீட்டுத் தூணில் செம்மண்ணால் கோடு போடுவார்கள். அடக்கம் முடியும்வரை ஊரில் அடுப்பு எரியாது, யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். கோடு போட்ட கைதான் முதல் பிடி மண்ணைப் போட வேண்டும். செத்ததாக நினைத்தவர் கண் விழித்துவிட்டால், அதே கைதான் அடுப்பையும் மூட்ட வேண்டும். பலாமரம் ஊருக்கே தூண். அதில் சிவப்பு விழுந்ததும் மொத்தக் குடியும் பிணமாகிவிட்டது. ஒரு மாதமாகக் கோட்டுக்குக் கீழே தீ இல்லை; சமையல் மேலே பாறை இடுக்கில். தீ இல்லாத ஊருக்குள் யானை வந்து வாழையை மிதித்துவிட்டுப் போயிருந்தது.

"அக்கா, அது வெறும் பெயின்ட்டு."

"செவப்புதானே?" பூங்கனியின் குரலில் எரிச்சல் இருந்தது. "எங்களுக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும். மண்ணு போடுங்க, நாளைக்கு எல்லாரும் சம்மதம் சொல்லிட்டு எறங்கிருவோம். இல்லைன்னா தீ வைங்க. இப்பிடி எடவழில விட்டுட்டுப் போனா, பிள்ளைய வச்சிட்டு எப்பிடி கெடக்க?"

குடிசைக்குள் ஈரக் குளிர் அடித்தது. பாயில் கிடந்த பூங்கனியின் சிறு மகள் இருமினாள். சத்தம் வெளியே கேட்காமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். அவள் முதுகு மட்டும் குலுங்கியது. வெளியே தூறலில் ஊர் முழுக்க வந்து நின்றிருந்தது. ஒரு மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ரஸீனா அடுப்பருகே குனிந்து ஒரு பிடி மண் அள்ளினாள். போட்டால் வேலை முடிந்தது. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. பெண்கள் போகாத கபரடிக்கு அடம்பிடித்துப் போய், இதே கையால்தான் வாப்பாவுக்கும் மண் போட்டிருந்தாள். ஆனால் அங்கே வாப்பா கண் மூடிக் கிடந்தார். இங்கே ஒரு பிள்ளை பொத்திய கைகளுக்கு மேலே கண்ணை உருட்டி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. உயிரோடு கிடப்பதை மூடுகிற துணிச்சல் அவளுக்கு வரவில்லை. விரல்கள் தானாகப் பிரிந்து மண் கீழே விழுந்தது.

"தீப்பெட்டி தாங்க."

பூங்கனி தீப்பெட்டியை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "வச்சா வச்சதுதான் மேடம். பெறவு மாத்திச் சொல்லக்கூடாது."

இவள் ஒருத்தி அடுப்பு மூட்டினால் அணை நின்றுவிடாது. கம்பெனி வேறு ஆளை அனுப்பும். அது ரஸீனாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தீப்பெட்டியை வாங்கிக் குச்சியை உரசினாள்.

சுள்ளி பிடித்துக்கொண்டது. சிறுமி கையை எடுத்துவிட்டு வாய்விட்டு இருமினாள். வெளியே யாரோ கலகலவெனச் சிரித்தார்கள். ஒரு பெண் யார் பெயரையோ தொண்டை கிழியக் கூப்பிட்டாள். பாறை இடுக்கிலிருந்து பானைகள் இறங்கின. ஒவ்வொரு கூரையிலிருந்தும் புகை கிளம்பியது. ரஸீனாவுக்கு அழுகை முட்டியது. சந்தோஷம்தான். அதற்கடியிலேயே பயமும் இருந்தது. தன் ஒரு கையை நம்பி ஒரு ஊரே வீடு திரும்புகிறதே, இவர்களிடம் இனி எந்த முகத்தோடு என்ன சொல்வாள்?

அவள் வெளியே வந்தாள். மழை விட்டிருந்தது. காற்றே இல்லை. புகை நேராக எழும்பி, சிவப்புக் கோட்டின் உயரம் வரை போய், அங்கே எதிலோ முட்டியதுபோல் நின்றது. அதற்கு மேல் ஒரு இழைகூடப் போகவில்லை. மட்டமாகப் படர்ந்து, வீட்டுக்கு வீடு சேர்ந்து, பள்ளத்தாக்கின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை தண்ணீர்போல் லேசாக அசைந்தது. அதன் அடியில் பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடினார்கள். ரஸீனா அண்ணாந்து பார்த்தபடி, தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.