வாசுவின் இரண்டு தோள்கள்

மலேசியாவின் கிள்ளானில் அந்தக் கடைக்குத் தே தாரிக் என்கிற இழுத்த தேநீர் குடிக்க வந்தவர்களில் பாதிப் பேர் வாசுவின் கையைப் பார்க்க வந்தவர்கள்தான். குவளை பிடித்த வலக் கை தலைக்கு மேலே போகும், இடக் கை இடுப்புக்குக் கீழே இறங்கும், நடுவில் தேநீர் நீளமாக இழுபட்டு நுரைக்கும். ஒரு சொட்டுச் சிந்தாது. அந்தக் கையை நம்பித்தான் புனிதா அவனுக்குக் கழுத்தை நீட்டினாள்.

போன வருஷம் அவனுடைய இடப்பக்கக் கழுத்தில் புற்றுக்கட்டி வந்தது. டாக்டர் ஜெயந்திரன் கட்டியோடு சேர்த்துத் தோளைத் தூக்கும் நரம்பையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. தோள் தொங்கிவிடும் என்று முன்பே சொல்லிவிட்டார். தொங்கவில்லை. கட்டுப் பிரித்த அன்றே வாசு இடக் கையைக் காதை உரசத் தூக்கிக் காட்டினான்.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "சில பேருக்குக் கழுத்துல இருந்து வேற நரம்பும் அந்தத் தசைக்கு வரும், வாசு. மெயின் ஒயர் போனாலும் ஸ்பேர் ஒயர் வேலை செய்யுது, பாருங்கோ" என்றார். மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் கைதட்டினார்கள். வாசுவுக்கு அந்தக் கைதட்டல் போதையாக ஏறியது.

அப்புறம் கடையில் ஓயாமல் அதே பேச்சு. "நமக்கு ஸ்பேர் ஒயர் இருக்குலா பாஸ்! மேலே இருக்கறவன் போட்டு அனுப்பினது!"

இந்த வருஷம் வலப்பக்கம் வீங்கியது.

"கட்டி நரம்போட ஒட்டியிருக்கு. மெதுவா உரிச்சு எடுத்து நரம்பைக் காப்பாத்தலாம், கூடுதலா ரெண்டு மணி நேரம் ஆகும். இல்லாட்டி நரம்போட வெட்டலாம்" என்றார் டாக்டர்.

"உரிச்சே எடுங்க டாக்டர். அது தே இழுக்கற கை" என்றாள் புனிதா.

வாசு சிரித்தான். "அவ கெடக்கறா. எனக்குத்தான் ஸ்பேர் இருக்கே, வெட்டுங்க டாக்டர்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கு இன்னும் இரண்டு ஆபரேஷன் பாக்கி. "சரி, அப்ப கையெழுத்துப் போடுங்கோ" என்று தாளை நீட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்குத்தான் ஒன்றும் தெரியாது, பாம்புக்குத் தெரியுமே!

வலத் தோள் தொங்கிவிட்டது. ஐந்து மாதம் பயிற்சி செய்தும் கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழவில்லை. முதலாளி அவனைக் கிளாஸ் கழுவ வைத்தார். பழைய வாடிக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

ஒரு நாள் டாக்டரே போன் செய்தார். "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ, வாசு." ஏதோ வழி பிறந்துவிட்டது என்று புனிதா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றி அனுப்பினாள்.

போய்ப் பார்த்தால் மண்டபம் நிறைய மாணவர்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார், இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னார். இடக் கை மேலே போனது. வலக் கை நெஞ்சோடு நின்றுவிட்டது. முதுகில் தோள்பட்டை எலும்பு துருத்தியது. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது.

ஒரே ஆளுக்கே இடம் ஒரு விதம், வலம் ஒரு விதம் இருக்கலாம், ஒரு பக்கத்தைப் பார்த்து மறு பக்கத்தை வெட்டாதீர்கள், இதெல்லாம் பழைய பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது என்று டாக்டர் ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த அளவு ஆங்கிலம் வாசுவுக்குத் தெரியும்.

"புத்தகத்துல இருக்கா டாக்டர்? நான் கையெழுத்துப் போட்ட அன்னிக்கும் இருந்துச்சா?"

முன்வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் முகம் மாறவே இல்லை. "நீங்கள்தானே வெட்டச் சொன்னீங்கள், வாசு. எங்க, இன்னொருக்காத் தூக்குங்கோ. பின்னால இருக்கிறவைக்குத் தெரியேல்ல."

வாசு பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. படம் எடுப்பதற்காகப் போனைப் பிடித்த அத்தனை வலக் கைகளும் தலைக்கு மேலே எழுந்தன.