வாபஸ் கடிதம்

கோர்ட் சுவரில் ஒட்டியிருந்த அன்றைய வழக்குப் பட்டியலில் என் பெயர் இல்லை. மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தேன். பதினான்காவது வரியில் 'ஸ்டேட் ஆஃப் நியூ ஜெர்சி எதிர் இளமாறன்' என்று இருந்தது. அடி வாங்கியது நான். என் கணவர்மேல் வழக்குப் போட்டிருப்பதோ ஒரு மாநிலம். கோபமோ சிரிப்போ வரவேண்டிய இடம், இரண்டும் வரவில்லை. மூன்று வாரமாகவே எதுவும் வருவதில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து மாமனார் வாட்ஸ்அப்பில் சொல்லச் சொல்ல நான் எழுதியது. 'சிறு மனஸ்தாபத்தில் அவசரப்பட்டுப் புகார் செய்துவிட்டேன். தற்போது சமாதானமாகிவிட்டபடியால் மேற்படி புகாரை வாபஸ் பெறுகிறேன்.' ஊர் போலீஸ் ஸ்டேஷனில் இப்படி எழுதி வாங்கியே எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்து வைத்தவர் அவர். "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு அவனைக் கூட்டிட்டு வந்துரு அம்மிணி. அத்தோட முடிஞ்சுது" என்றார். நானும் அந்த ஊர்க்காரிதானே. அடி வாங்கிய அன்று போலீஸுக்கு 911-ஐ அழைத்தபோதுகூட, யாரோ பெரிய மனுஷர் வந்து என் கணவரை இரண்டு வார்த்தை கண்டித்துவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தேன். வந்தவர்கள் விலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்கள். மறுநாள் வெளியே விட்டார்கள். ஆனால் அவர் வீட்டுக்கு வரக்கூடாது, என்னிடம் பேசக்கூடாது என்று உத்தரவு. அதற்கு நோ கான்டாக்ட் ஆர்டர் என்று பெயராம். பக்கத்து ஊர் ஐசலினில் நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டில் இருக்கிறார். குற்றம் உறுதியானால் அவர் விசா போகலாம். அதோடு என் விசாவும், எடிசனில் எங்கள் வீடும், மகள் வெண்பாவின் பள்ளிக்கூடமும்.

கோர்ட் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர் ஜெபராணி வந்தார். நாகர்கோவில்காரர். கூடவே அரசு வக்கீல் ஆபீசிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண். நான் ஜெபராணியின் பக்கம் சாய்ந்து, "அக்கா, நீங்களே பார்த்து நல்லவிதமா சொல்லிருங்க" என்றேன். அவர் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் அந்தப் பெண்ணிடம் சொன்னார். பிறகு என்னிடம், "நீங்க சொல்றதக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாதும்மா. சத்தியம் பண்ணிட்டு செய்ற வேலை" என்றார். வெட்கப்பட வேண்டியதுதான். அதுவும் வரவில்லை.

உள்ளே என் கணவர் முன் பெஞ்சில் தன் வக்கீலோடு உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. சட்டைக் காலர் இஸ்திரி போடாமல் சுருங்கியிருந்தது. இத்தனைக்கும் நடுவில் என் கண்ணுக்கு அதுதான் பட்டது.

எங்கள் வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றேன். "கேஸை வாபஸ் வாங்கிக்கிறேனுங்க" என்றேன். ஜெபராணியும் 'நான்' என்றே ஆங்கிலத்தில் சொன்னார். என் வாழ்க்கையை இரவல் வாங்கிக்கொண்டு இன்னொருத்தி பேசுவதுபோல இருந்தது. கடிதத்தை நீட்டினேன். நீதிபதி அதை வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து மெதுவாகப் பேசினார். ஜெபராணி பின்னாலேயே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இந்த கேஸை நீங்க போடல. அதனால உங்களால வாபஸ் வாங்க முடியாது. நீங்க இதுல சாட்சி. நடத்துறதா விடுறதாங்கறது அரசு வக்கீலோட முடிவு. ஆனா உங்க கணவர் வீட்டுக்கு வரலாமான்னு நான் முடிவு பண்றதுக்கு முன்னால உங்ககிட்ட கேக்கணும். அவர் வந்தா, அந்த வீட்ல நீங்க பயமில்லாம இருப்பீங்களா?"

'இருப்பேன்' என்றால் போதும். சாயங்காலமே அவர் வீட்டுக்கு வந்துவிடலாம். மாமனார் எல்லாவற்றையும் சொல்லித் தந்திருந்தார், இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் மாமனாரும் இதைக் கேட்டதில்லை, என் அம்மாவும் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"அவரு வந்து கராஜ் கதவு சத்தம் கேட்டா ரேடியோவை நிறுத்திருவேனுங்க" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜெபராணி ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பி, அதே 'நான்' போட்டு, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஆங்கிலத்தில் கேட்டபோது அது வேறு யாரோ ஒரு பெண்ணின் வீட்டில் நடப்பதாகத் தோன்றியது. அவளை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

"அவர் வீட்ல இல்லாத இந்த மூணு வாரமா எப்படி?" என்று நீதிபதி கேட்டதை ஜெபராணி தமிழில் சொன்னார்.

முன் பெஞ்சில் அந்தக் காலருக்கு மேலே அவர் கழுத்து அசையவே இல்லை. கடிதம் கையிலேயே இருந்தது. எடிசனில், ஆளில்லாத எங்கள் சமையலறையில், ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். காலையில் அதை நிறுத்தாமல்தான் கிளம்பி வந்திருந்தேன்.