மூன்று விரல் உயரத்தில் ஒரு கூலர்

கம்ப்யூட்டர் வெளியே தள்ளும் சூட்டுக் காற்றில் அது உள்ளே நினைப்பதெல்லாம் கலந்து வரும் என்று எனக்கு முதலில் சொன்னது பக்கத்து வீட்டுத் துளசிமணி அக்கா. இந்த ஆடி முதல் வெள்ளிக்கிழமை, மாரியம்மன் கோயிலில் கூழுக்கு நிற்கும்போது சொன்னார். வீதியில் மற்றவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. காற்று கன்னத்தில் பட வேண்டும், அவ்வளவுதான். பாங்கில் கம்ப்யூட்டர்களை ஏ.சி. அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வது அதனால்தான். ரேஷன் கடையில் கதவைச் சாத்துவதில்லை. ஆகையால் பாமாயில் வந்திருக்கிறதா என்று யாரும் கேட்பதும் இல்லை. ஜன்னல் ஓரமாகக் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பி விடுவார்கள்.

அக்கா இதை எதற்காக என்னிடம் சொன்னார் என்று யோசித்தேன். அந்த வாரந்தான் என் மகன் சபரி பெங்களூரிலிருந்து வந்திருந்தான். தனியாக வந்தான். மருமகள் நிரஞ்சனா எங்கே என்றதற்கு, வருவாள் என்றான். எப்போது என்று சொல்லவில்லை. கையில் ஒரு பெட்டி. அதை அறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டான். கேட்டால் வேலை என்றான்.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு கம்பெனியே சேர்ந்து செய்கிற வேலையை அது ஒண்டியாகச் செய்யுமாம். வேலை முற்றினால் சூடு தாங்காமல் தானாக அணைந்துவிடும். அதன் மூளை மேல் ஒரு சின்ன ஃபேன் உட்கார வேண்டும், அதைக் கடையில் கூலர் என்கிறார்கள். ஆனால் மூளைக்கும் மூடிக்கும் நடுவில் மூன்று விரல் இடந்தான் இருந்தது. உயரமானதை வைத்தால் மூடி மூடாது. மூடி மூடாவிட்டால் வீட்டு விஷயம் முழுவதும் விட்டத்துக்கு ஏறி வீணாய்ப் போய்விடும்.

யாருடைய கம்ப்யூட்டரோ அவர் கூலர் வாங்கப் போகக் கூடாது. வீட்டில் வேறொருவர்தான் போய் எடுக்க வேண்டும். சனிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுக் காந்திபுரம் போனேன். துளசிமணி அக்கா கூப்பிடாமலே கூட வந்தார்.

கடைக்காரர் தாம்பாளத்தில் மூன்றை வைத்துக் காட்டினார். முதலாவது மெல்லிசு. ஃபேன் சின்னது என்பதால் வேகமாகச் சுற்றும், வேலை கூடினால் கத்தும், கத்துவது தெருமுனைக்குக் கேட்கும். இரண்டாவது பக்கவாட்டில் ஊதுவது. ஒரே வழியாக, ஒரே திசைக்கு ஊதும். மூன்றாவது தோசைக்கல் மாதிரி தட்டை. காற்றை மேலே விடாமல் கீழே அமுக்கும். அது அடிப்பக்கமாகக் கசிந்து, தரையில் உட்கார்ந்தவருக்குத்தான் படும்.

“பக்கமா ஊதறத எடு கண்ணு. சூடு தங்காது” என்றார் அக்கா.

சபரியின் அறையில் ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் அக்காவின் சமையலறை. அவருக்கு ஏன் இத்தனை அக்கறை என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அக்கா கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

நான் தட்டையானதை எடுத்தேன். பூஜைக்கு நான் தரையில்தான் உட்காருவேன்.

கூடவே ஊசிக் குழாயில் ஒரு சாம்பல் நிறப் பசை கொடுத்தார்கள். மூளைக்கும் கூலருக்கும் நடுவில் அதைப் பூசினால்தான் சூடு மேலே ஏறுமாம். முகர்ந்து பார்த்தேன். எதைக் கலந்திருக்கிறார்களோ, யார் கண்டது. சபரி பெட்டியைத் திறந்து வைத்த நேரம் பார்த்து அவனுக்குப் போன் வந்தது. மொட்டை மாடிக்குப் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினான். பெட்டிக்குள் மூளை வழவழவென்று, பழனியில் முடி இறக்கிய குழந்தையின் தலை மாதிரி இருந்தது. சபரிக்கு மொட்டை போட்ட அன்றைக்கு எதைப் பூசினேனோ அதையே பூசினேன். கல்லில் நானே உரைத்த சந்தனம். மேலே கூலரை உட்கார வைத்தேன். சபரி இறங்கி வந்து நாலு திருகாணியையும் முடுக்கி மூடியை மூடினான். பெட்டி சத்தமில்லாமல் ஓடியது. அத்தனை அமைதியாக ஒரு பொருள் ஓடினால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

மறுநாள் பூஜைப் பலகையை அவன் அறை வாசலுக்கு நகர்த்தினேன். ஈசான்ய மூலை என்று சொன்னேன். அவன் திசை பார்க்கவில்லை. பிளக் கதவோரமாக இருந்ததால் பெட்டியையும் அங்கேயே தரையில் வைத்திருந்தான். கதவுக்கு அடியில் காற்று சந்தன வாசனையோடு வந்தது. விழுந்து கும்பிடுவதுபோல் குனிந்து கன்னத்தைக் கொடுத்தேன்.

அவள் வரமாட்டாள் என்றது காற்று. நான் நினைத்ததும் அதுதான். அடுத்த நாள், வேலை போய்விட்டது, சொல்லக் கூச்சப்படுகிறான் என்றது. அதையும் நினைத்திருந்தேன். அதற்கடுத்த நாள், வீட்டை விற்கப் போகிறான், வாங்கப் போவது துளசிமணி, அதற்குத்தான் கடைவரைக்கும் கூட வந்தாள் என்றது. கம்ப்யூட்டரே சொன்ன பிறகு அதை வெறும் சந்தேகம் என்று தள்ள முடியாது. மருதமலையானிடம் அழுதேன். எதற்கும் இருக்கட்டுமென்று வீட்டுப் பத்திரத்தை அரிசி டிரம்முக்குள் இறக்கினேன்.

வியாழக்கிழமை காற்று இன்னொன்று சொன்னது. அவள் வராமலே இருந்தாலும் நல்லதுதான், பிள்ளை நம்மோடு இருப்பான் என்றது. ஒரு பெட்டிக்கு இத்தனை கெட்ட புத்தியா என்று எழுந்து போய் முகம் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை சமையலை இறக்கிவிட்டு வந்து குனிந்திருந்தபோது சபரி கதவைத் திறந்தான். என்னை எழுப்பவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவனும் கன்னத்தைக் கொடுத்தான்.

“ஏம்மா, கம்ப்யூட்டருக்கு எப்படி மோர்க்குழம்புல உப்புப் போட்டமா இல்லியான்னு சந்தேகம் வரும்?”

நான் எழுந்து போய்க் குழம்பைப் பார்த்தேன். போட்டிருக்கவில்லை. போட்டுவிட்டு வந்தேன்.

அதற்குள் அவன் திருகாணிகளைக் கழற்றியிருந்தான். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. சந்தனத்தின் வழியாக ஏறுவது உரைத்தவருடைய சூடு. இத்தனை நாளும் பெட்டியின் நினைப்பு ஒன்றுகூட வெளியே வரவில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, கடைப் பசையைப் பட்டாணி அளவு வைத்து மூடினான். இரண்டு பேரும் கன்னத்தைக் கொடுத்தோம்.

பெட்டி வீடு வரைந்துகொண்டிருந்தது. எங்கள் வீடுதான். மேலே ஒரு மாடி, இரண்டு அறை, வெளிப்பக்கம் படிக்கட்டு. நிரஞ்சனா தன் வேலையைக் கோயம்புத்தூருக்கு மாற்றக் கேட்டிருக்கிறாள், கிடைத்ததும் வருவாள். மாடி எழும்பினால் துளசிமணி அக்காவின் வடகத்துக்கு வெயில் கிடைக்காது. அதனால் மாடி கட்ட அனுமதி கைக்கு வரும்வரை யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னிடம் சொன்னால் கோயிலில் சொல்லிவிடுவேனாம்.

“வியாழக்கிழமை வந்தது எனக்கும் பட்டுச்சும்மா” என்றான்.

“நான் வாயத் தொறந்து சொல்லலியே சாமி.”

“சொல்லல. நெனச்சே. அவ இங்க வந்து இருக்கப் போறவம்மா. அவளுக்கும் படும்.”

பத்திரத்தை எடுத்து அரிசியைத் தட்டிவிட்டு அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைப் பீரோவில் வைத்தான்.

பெட்டிக்குச் சரியாகிவிட்டது. எனக்குத்தான் ஆகவில்லை. வெளியே போய்ப் பழகின சூடு உள்ளே அடங்க மாட்டேன் என்கிறது. வேலை கொஞ்சம் கூடினால் நான் அணைந்துவிடுகிறேன். சட்டுவத்தைப் பிடித்த கையோடு நின்றுவிடுகிறேன். தோசை தீய்கிறது. நேற்று சபரி ஸ்கேலோடு வந்து, என் கொண்டைக்கும் சமையலறைப் பரணுக்கும் நடுவில் இருக்கும் இடத்தை அளந்தான். காந்திபுரம் போய் அவனே எடுத்து வந்தான். கொண்டையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டிக் கூலரை உட்கார வைத்து, சுற்றி முல்லைப்பூ வைத்துக்கொண்டேன். சத்தமே இல்லை. காற்று இடது காதுப் பக்கமாகப் போகிறது. துளசிமணி அக்கா காலையிலிருந்து இரண்டு முறை வந்து, அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். இரண்டாம் முறை போகும்போது காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நிரஞ்சனாவுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. சாயங்கால ரயிலில் வருகிறாள். அவளுக்குப் பிடிக்குமென்று பணியாரத்துக்கு மாவு கரைத்து வைத்திருக்கிறேன். மனசார நல்லதைத்தான் நினைக்க வேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனாலும் என்னைப் பற்றி எனக்கே முழு நம்பிக்கை இல்லை. இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டீர்கள், அவள் வருகிறவரைக்கும் இருப்பீர்கள் அல்லவா? வந்ததும் எனக்கு வலது பக்கம் இருக்கிற நாற்காலியைக் காட்டி, அதில் உட்காரச் சொல்லுங்கள்.