கட்டுப்படியான உயரம்

சம்பா அறுவடை முடிந்து நெல் லாரி கிளம்பிய மறுநாள் காலையில் கரிக்கலாம்பாக்கம் தணிகைவேல் இரண்டு விரற்கடை குட்டையாகியிருந்தார். மனைவி மஞ்சுளாதான் முதலில் கவனித்தாள். கைலி தரையில் புரண்டது. "இன்னாய்யா, இடுப்புல நிக்கலயா?" என்றாள். அவர் மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். அடுத்த போகமான நவரையை அறுத்தபோது மறுபடியும் குறைந்தார். இது நெல் விலையோடு சேர்ந்த சமாச்சாரம் என்று ஊருக்கு அப்போதுதான் புரிந்தது. நட்டம் வந்த போகத்தில் குறைந்தார். போட்டதும் எடுத்ததும் சரியாகப் போன போகத்தில் அப்படியே நின்றார். வளர்ந்தது மட்டும் ஒருபோதும் இல்லை. பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அளவுதான் சிறுக்கிறது என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார்.

அவருக்கு இருந்தது அரைக் காணி. போர்க்கிணற்றில் தண்ணீர் வற்றவில்லை, மோட்டாரும் ஓடியது. ஆனால் உரமும் நடவாள் கூலியும் பத்துக் காணிக்காரருக்கு என்ன விலையோ அதேதான் அவருக்கும். அறுப்பு மிஷின் அந்தச் சின்ன வயலுக்குள் திரும்பி நேராவதற்குள் வாடகை ஏறிவிடும். மஞ்சுளா மூலக்குளத்தில் ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அவள் சம்பளத்தில் பாதி யூரியாவாக வயலுக்குத் திரும்பி வந்தது. சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக மனைக்கு விற்றார்கள். நெல் நின்ற இடத்தில் கலர் கற்கள் நின்றன. விற்றவர்கள் யாரும் குட்டையாகவில்லை. சில வருஷங்களில் தணிகைவேல் மஞ்சுளாவின் இடுப்பளவுக்கு வந்துவிட்டார்.

மனை புரோக்கர் பாக்யராஜ் மரியாதை தெரிந்தவர். வரப்பில் குந்தி உட்கார்ந்துதான் அவரோடு பேசினார். "வித்துட்டு ரோட்டோரமா ஒரு கடைய போட்டுக்கினு ஒக்காருண்ணே. இன்னாத்துக்கு இந்தக் கஷ்டம்?" தணிகைவேல், "வித்தா வளந்துருவனா? இதே உயரத்துல நின்னுக்கினு இன்னா பண்றது?" என்று கேட்டார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த மஞ்சுளா, "இதுக்கு மேல கொறஞ்சா உன்ன எங்கய்யா போய்த் தேடுவன்?" என்று சொல்லி அழுதாள். அவர் விற்கச் சம்மதித்தார்.

பத்திர ஆபீசில் அவரை ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினார்கள். கைரேகை மிஷினில் பெருவிரலை வைத்தார். மிஷின் எடுத்துக்கொள்ளவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், மற்ற கையை வைத்தார். விரலே வைக்கவில்லை என்று அது திரும்பத் திரும்பக் காட்டியது. அங்கிருந்தவர் மிகவும் பொறுமையாக, "ரேகை வுழாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார். பாக்யராஜ் ஏம்பலம் பக்கம் வேறு வயல் பார்க்கப் போய்விட்டார். வெளியே டீக்கடையில் மஞ்சுளா டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தாள். விற்க முடியாமல் போனதில் அவருக்குச் சந்தோஷமும் இல்லை.

அடுத்த வருஷம் புயல் மழையில் கதிர் சாய்ந்தது. அவர் முழங்கால் உயரத்துக்கு வந்தார். மண்வெட்டி தூக்க முடியவில்லை. வில்லியனூர்க் கொல்லர் ஒருவர் கரண்டியளவில் ஒன்று அடித்துக் கொடுத்தார். மோட்டார் கொட்டகையிலேயே தங்கிக்கொண்டார். வரப்பில் நின்று பார்த்தால் இப்போது எதிர் வரப்பு தெரியவில்லை. அத்தனை பெரிய நிலம் அந்தக் கொம்யூன் பஞ்சாயத்தில் யாருக்கும் இருந்ததில்லை. நடவுக்கு ஆள் வைக்காமல், நாற்றுகளை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து ஒரு மூலையில் மட்டும் நட்டார். களைகளை மரம் வெட்டுவதுபோல் வெட்டினார். அந்த மூலைக்கு இரண்டு குடம் தண்ணீரே ஒரு பாய்ச்சல். உரம் ஒரு பிடி. மிச்ச நிலத்தில் ஊர் ஆடுகள் மேய்ந்தன. அறுத்து, அடித்து, தூற்றி முடிக்க மாசி ஆகிவிட்டது. வருஷச் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்த பிறகும் நெல் மீந்தது. அவர் குறையவில்லை. டீக்கடையில், "இப்பத்தான்பா அந்த நெலம் கட்டுப்படியாவுது" என்று பேசிக்கொண்டார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை.

மஞ்சுளா வந்தபோது, ஒரு டம்ளர் அளவு அரிசியைத் துணியில் கட்டி அவள் காலடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "இந்தா, மிச்சம்." கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயால் அவள் கேட்டதில்லை. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இன்னும் கொறைவியா?"

"தெரில. இந்த வருசம் நின்னுச்சி." வரப்பில் சாய்ந்து உட்கார்ந்தார். "ரொம்ப அசதியா கீது மஞ்சு. ரெண்டு நாளு அங்க வந்து படுத்துக்கறன்."

அவள் அவரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மனைக் கற்களுக்கு நடுவே நடந்தாள். வில்லியனூர் வருவதற்குள் பஸ்ஸில் அவள் மடியிலேயே அவர் தூங்கிவிட்டார். கண்டக்டர் மூலக்குளத்துக்கு ஒரு டிக்கெட் மட்டும் கிழித்தார்.