பென்னியின் காலை மாத்திரை

"இதயம் வீங்கிப் போயிருக்குங்க. ரத்தத்தை முழுசா தள்ள முடியல. அதான் நுரையீரல்ல தண்ணி சேருது. படுத்தா இருமுறது, நாலு அடி நடந்தா இளைக்கிறது எல்லாம் அதனாலதான்" என்றார் கால்நடை டாக்டர் ஆதிலட்சுமி.

மேசைமேல் நின்ற பென்னி அவர் கையை நக்கியது. வயதான கறுப்பு லேப்ரடார். சந்திரமோகன் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்தான். அவன் மனைவி லாவண்யா கதவோரம் சாய்ந்து நின்று, டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை இல்லாத வீட்டுக்குக் கைக்குள் அடங்கும் குட்டியாக வந்த நாய் அது. அதன் மேல் இருவருக்கும் உயிர்.

இதயத்துக்கு ஒரு மருந்தும், நீர் பிரிய ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார் ஆதிலட்சுமி. நீர் மாத்திரை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

"நிறைய தண்ணி குடிக்கும், நிறைய ஒண்ணுக்குப் போகும். தடுக்காதீங்க. அசந்து தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை நெஞ்சு ஏறி இறங்குதுன்னு எண்ணி எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. முப்பதைத் தாண்டக் கூடாது. மருந்து கேட்குதா இல்லையான்னு அதுலதான் தெரியும்."

ஆரணியில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் இரண்டு பவர்லூம் ஓடின. விடிந்ததும் சந்திரமோகன் அங்கே போய்விடுவான். அதனால் காலை மாத்திரை லாவண்யாவின் வேலை ஆனது. மாலையில் அவனே வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தான். மதியம் சாப்பிட்டபின் பென்னி தூங்கும் இடத்தில் தரையில் உட்கார்ந்து, செல்போனைப் பார்த்தபடி மூச்சை எண்ணினான்.

முதல் சில நாள் அதிசயம்போல இருந்தது. நாற்பத்தைந்தில் இருந்த மூச்சு இருபத்தாறுக்கு இறங்கியது. பென்னி தெருமுனைவரை நடந்தது. "பாத்தியா, எப்டி கீறான்!" என்று சந்திரமோகன் லாவண்யாவிடம் பெருமையடித்தான். அவள் சிரித்தாள்.

பிறகு மறுபடியும் ஏற ஆரம்பித்தது. முப்பத்திரண்டு. முப்பத்தெட்டு. ஆதிலட்சுமி காலை மாத்திரையை இரண்டாக்கினார். எந்த மாற்றமும் இல்லை. பென்னி படுக்க மறுத்து, முன்கால்களை அகட்டி உட்கார்ந்தபடியே கண் சொக்கியது. தறிச் சத்தத்தையும் மீறி அதன் இருமல் ஷெட்டுக்குக் கேட்டது.

"மருந்தை ஏத்தியும் தண்ணி வடியலைன்னா ரெண்டு காரணம்தான் இருக்கணும்" என்றார் ஆதிலட்சுமி. "உடம்பு மருந்தைக் கேட்கல. இல்லைன்னா மருந்து உடம்புக்குள்ளயே போகல. நாளைக்குக் காலை மாத்திரை போட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு ஒண்ணுக்கு பிடிச்சுகினு வாங்க. மாத்திரை வேலை செஞ்சா உப்பு அதுல அள்ளிகினு வரும்."

மறுநாள் சந்திரமோகன் ஒரு கம்பில் குழிக்கரண்டியைக் கட்டிக்கொண்டு பென்னியின் பின்னாலேயே அலைந்து எப்படியோ பிடித்துவிட்டான். பரிசோதனை முடிவைப் பார்த்த ஆதிலட்சுமி முகம் சுளித்தார். உப்பு இல்லை என்றே சொல்லும் அளவுக்குக் குறைவு. உடனே அதே மருந்தை ஊசியாகப் போட்டார். சற்று நேரத்தில் பென்னி கிளினிக் வாசலிலேயே குளம்போல் பெய்தது. மூச்சு கண்ணெதிரே தணிந்தது. இரண்டாவது பரிசோதனையில் உப்பு பல மடங்கு இருந்தது.

"ஊசி நல்லாவே கேட்குது. மாத்திரை ஏன் கேட்கல?" என்றார். "துப்பிடுதா?"

"இல்ல மேடம். நானும் என் வீட்லயும் கரெக்டா குடுக்கறோம்."

"அப்ப மாத்திரையில ஏதோ இருக்கு."

சந்திரமோகனுக்கு ரத்தம் கொதித்தது. பென்னியை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போனான். "போலி மாத்திரையா விக்கிற?" என்று கடைக்கார குணாவின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினான்.

"அண்ணே, இதே மாத்திரைய ஊர்ல பாதி பெருசுங்க வாங்கிகினு போறாங்க. யாரும் ஒரு வார்த்தை சொல்லல" என்றான் குணா. சந்திரமோகன் கேட்கவில்லை. போலீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

லாவண்யா சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த மாத்திரை அட்டைய எடு. ஜல்தியா. குணா மேல கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறேன். நாயக் கொல்லப் பாத்துகினு கீறான்."

அவள் எழுந்திருக்கவில்லை. "வேணாங்க. அவர் மேல தப்பு இல்ல."

"உனுக்கு இன்னா தெரியும்?"

"மாத்திரை நல்லாத்தான் வேலை செய்யுது." கீரைத் தண்டைக் கீழே வைத்தாள். "காலையில போட்றது பென்னி இல்ல. நான்."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் சொன்ன வார்த்தைகள் காதில் விழுந்தன. ஆனால் அவை ஒன்றோடொன்று சேரவில்லை.

"நீ போட்றியா? நாய் மாத்திரைய?"

லாவண்யா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் அந்த இடம் மாவில் அழுத்தியதுபோல் குழியாகவே நின்றது. சந்திரமோகன் அந்தக் குழியைப் பார்த்தான். அது மேலே வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"டாக்டரம்மா பென்னியப் பத்திச் சொன்னாங்களே, படுத்தா இருமல், நடந்தா இளைப்புன்னு. எனக்கு என்னையே சொன்னா மாதிரி இருந்துச்சு. ஒரே ஒரு நாள் போட்டுப் பாத்தேங்க. அன்னிக்கு ராத்திரி நீட்டிப் படுத்துத் தூங்கினேன். அப்புறம் விட முடியல."

"ராத்திரில சோபாவுல உக்காந்துகினு இருப்பியே, அங்கதான் காத்து வருதுன்னு சொன்ன."

"உக்காந்தாதான் மூச்சு வருது."

அவனுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஊமைப் பிராணியின் மருந்தைப் பறித்தாயே என்று வாய்வரை வந்தது. "டாக்டர் ஏத்திக் குடுத்தாங்களே, அதையாவது அதுக்குக் குடுத்திருக்கக் கூடாதா?"

"அதுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னுதான் நெனச்சேன். எனக்கே பத்தல. அது இருமும்போதெல்லாம் ஷெட்டுக்கு வந்து உங்ககிட்ட சொல்லிடலாம்னு கிளம்புவேன். பாதியில நின்னுடுவேன்."

அப்போதுதான் அவள் உதடுகளைப் பார்த்தான். நீலம் பாரித்திருந்தன. எத்தனை நாளாக அப்படி இருந்தன என்று அவனுக்குத் தெரியவில்லை.

மீதியை அவள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். பெரணமல்லூரில் பள்ளிக்கூடம் படிக்கும்போது மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. அது இதயத்தைத் தொட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போடவேண்டியிருந்தது. கல்யாணம் நிச்சயமானதும் அவள் அம்மா ஊசியை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரி வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

சந்திரமோகனுக்குத் தெரிந்த ஒரே டாக்டர் ஆதிலட்சுமிதான். அவருக்கே போன் செய்தான். எல்லாவற்றையும் சொன்னான்.

"பென்னியை எங்கிட்ட விட்டுட்டு அவங்களை இப்பவே வேலூர் கூட்டிகினு போங்க. காரு எடுங்க, பஸ் வேணாம். என் மருந்து ஒண்ணுகூட இனிமே அவங்க தொடக் கூடாது" என்றார் ஆதிலட்சுமி. "என் எதிர்லயேதானே நின்னாங்க. நான் நாயை மட்டும் பாத்தேன்."

கார் கண்ணமங்கலம் தாண்டியது. லாவண்யா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். சந்திரமோகன் டிரைவரிடம் மறுபடியும் மறுபடியும், "கொஞ்சம் சீக்கிரம்ப்பா" என்றான்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்தின் ஒரு வால்வு பொத்தான் துவாரம்போல் சுருங்கியிருந்தது. பரிசோதனை இல்லாமல் நீர் மாத்திரை போட்டதில் உடம்பின் பொட்டாசியமும் வற்றிப்போயிருந்தது. எந்த நேரமும் துடிப்பு தாறுமாறாகி நின்றிருக்கலாம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னபோது, சந்திரமோகன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவர் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

பொட்டாசியம் ஏறி உடம்பு தேறியதும், தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூன் செலுத்தி வால்வை விரித்தார்கள். அன்று வெளியே பெஞ்சில் அவன் பக்கத்தில் மாமியார் முனியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"இத்தன வருஷம் மறைச்சிகினு இருந்தீங்களே அத்தை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

முனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா கட்டிகினு இருப்பீங்களா மாப்ள?"

கட்டியிருப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பொய் என்று அவனுக்கே தெரிந்தது. அன்றைக்கு இருந்த அவனை அவன் நன்றாக அறிவான். நாய்க்கு ஒரு நோய் என்றதும் தறியை நிறுத்திவிட்டு ஓடிய அதே மனிதன், நோயாளிப் பெண் என்றால் அந்தத் தெருப்பக்கமே போயிருக்க மாட்டான்.

லாவண்யா பிழைத்தாள். ஊசி மறுபடியும் தொடங்கியது. பென்னியும், மாத்திரை ஒழுங்காக உள்ளே போனதும் சில நாளில் தேறிவிட்டது. அதன் இதயம் இனி சரியாகாது, ஆனால் கொஞ்ச காலம் சுகமாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினார் ஆதிலட்சுமி.

வீடு திரும்பிய மறுநாள் காலை சந்திரமோகனே மாத்திரையை எடுத்துக்கொண்டு பென்னியைக் கூப்பிட்டான். அது வாயை இறுக்கிக்கொண்டது. பழம் வைத்துக் காட்டினான். கிளினிக்கில் இருந்த நாட்களில் அந்தத் தந்திரம் அதற்குப் பிடிபட்டுவிட்டதுபோல, மாத்திரையை மட்டும் துப்பிவிட்டுப் பழத்தைத் தின்றது. பிறகு எழுந்துபோய் லாவண்யாவின் மடியில் தலையை வைத்தது.

சந்திரமோகன் மாத்திரையை அவளிடம் நீட்டினான். அவள் அதைத் தொடப் பயந்தவள்போல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "என்கிட்ட குடுக்காதீங்க."

"எங்கிட்ட சாப்புட மாட்டேங்குது. நான் இன்னா செய்யட்டும்?"

நீட்டிய மாத்திரையை வாங்கினாள். பென்னியின் தாடையைத் திறந்து அடிநாக்கில் தள்ளி, வாயை மூடித் தொண்டையைத் தடவிக் கொடுத்தாள். அது விழுங்கியது. லாவண்யா உடனே இரண்டு கைகளையும் விரித்து, மாத்திரை இல்லை என்று அவன் முன்னால் காட்டினாள்.

"காட்டாத" என்றான் சந்திரமோகன். "லாவண்யா, எங்கிட்ட கைய விரிச்சுக் காட்டாத."