கோயில் வாசல் வரை

"வெள்ளை வேணாம்மா. இந்தச் சாம்பல் கலர் சட்டையே போதும்" என்றபடி அவள் தம்பியின் கையை மடக்கப் பார்த்தாள். விறைத்திருந்தது. சட்டையின் முதுகைக் கத்தரித்து முன்பக்கமாக மாட்டினாள்.

"கடைசியாவாவது வெள்ளை போடட்டுமேடி" என்றாள் அம்மா. "சின்னப் பையனா வெள்ளை அங்கி போட்டுப் பூசைக்குப் பீடத்துல நிக்கறப்ப எவ்வளவு அழகா இருப்பான்!"

அவள் பொத்தான்களைப் போட்டாள்.

பதினோரு வயதில் ஒரு நாள், பூசை முடிந்து வந்த தம்பி இனிமேல் கோயிலுக்குப் போகமாட்டேன் என்றான். ஏன் என்று அம்மா கேட்டாள். பெரிய ஃபாதர் செய்ததை, தனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னான். அம்மா அவன் வாயிலேயே அடித்தாள். அடுத்த ஞாயிறு அங்கியைத் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பிவைத்தாள். பிறகு பெரிய ஃபாதருக்கு மாற்றல் வந்தது. பாராட்டுக் கூட்டம் நடத்தி வழியனுப்பினார்கள். போன ஊரிலும் பள்ளிக்கூடம் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஆனான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடித்துக் குடித்து ஈரல் போய்விட்டது. பட்டறையில் அவனுக்கு 'ஐஸ்' என்று பெயர். "தோள்ல கை போட்டா போதும்கா, அப்படியே உறைஞ்சு போயிடுவான்" என்று கூட வேலை பார்த்தவர் வாசலில் சொல்லிச் சிரித்தார். இழவு வீடு என்பது உறைக்கவும் தலையைக் குனிந்துகொண்டார்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் தம்பி அவள் கையைப் பிடித்தான். அவனாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "என்னை நேரா கல்லறைக்குக் கொண்டு போயிடுக்கா. கோயிலுக்குள்ள வேணாம்." சரிடா என்றிருந்தாள்.

ஜெபம் சொல்ல இப்போதைய ஃபாதர் வந்தார். சின்ன வயசு. அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

"ஏன் ஃபாதர் இப்படிச் செய்யறாங்க?"

"ஆராய்ச்சியெல்லாம் பண்ணியிருக்காங்கம்மா. தனிமைங்கறாங்க. சின்னதுலயே ஃபாதருக்குப் படிக்க மடத்துல சேர்ந்து மனசு வளராமப் போச்சுங்கறாங்க. ஆனா தனியா இருக்கற எல்லாரும் இதைச் செய்யறதில்லையே." குழாயில் சொட்டிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "யாரும் கேக்க மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். மேல இருந்தவங்களுக்கும் விஷயம் தெரியும். ஊரை மாத்தினாங்க, அவ்வளவுதான். எந்த வீட்டுப் பிள்ளை வாயைத் திறக்காதுன்னு பார்த்துத்தான்..." குழாயை இறுக்கி மூடினார்.

அவளுக்குப் புரிந்தது. அப்பா செத்த வருஷம் அது. அம்மாவுக்கு ஃபாதர் பங்களாவில் சமையல் வேலை. குடியிருந்த வீடும் அவர்கள் கொடுத்ததுதான்.

அம்மா உள்ளறையில் தம்பியின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் சொன்னது நிஜம்னு உனக்கு அன்னிக்கே தெரியும், இல்ல?"

அம்மா மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்கடி போயிருப்பேன்?" போர்வையின் ஓரத்தை நீவிவிட்டபடி, "கோயிலுக்குக் கொண்டு போகலேன்னா ஏன்னு கேப்பாங்க. நாலு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றாள்.

"உண்மையைச் சொல்லும்மா."

அம்மா போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சத்தமே வரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. கதவருகே நின்றிருந்த மாமா அவளை மட்டும் வெளியே இழுத்து வந்தார்.

"செத்தவன் சொன்னான்னு உசிரோட இருக்கறவளைக் கொல்லாதே."

"அவன்கிட்ட சரின்னு சொல்லியிருக்கேன் மாமா."

"அவனா வந்து கேக்கப் போறான்?"

வண்டி கோயிலுக்குத்தான் போனது.

பெட்டியை இறக்கினார்கள். மாமா முன்னால் பிடித்தார், பட்டறைக்காரர்கள் பின்னால். அம்மா பெட்டியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே படியேறினாள். அவள் மட்டும் வண்டியருகே நின்றாள்.

"உள்ள போகலையாம்மா? யாரு, சொந்தமா?" என்றார் டிரைவர்.

"தம்பி."

அவர் முன்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். ஏறி உட்கார்ந்தாள். உள்ளே ஃபாதர் ஜெபத்தைத் தொடங்க, எல்லாரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. வெயில் கோயிலுக்குள் நடுவழி வரை நீண்டு விழுவதைப் பார்த்து, யாரோ எழுந்து வந்து கோயில் கதவை உள்பக்கமாகச் சாத்தினார்கள்.